மிகுபுனைவுக் காட்டுயிர் ஓவியத்தை வாசித்தல்: உணர்வுநிலைக்கும் குறியீட்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கொம்புகளில் பூ மலர்ந்த மான், மேகங்களுக்கிடையே நீந்தும் திமிங்கிலம், உடலின் பின்பாதி புகையாகக் கரைந்துகொண்டிருக்கும் ஓநாய் என்று ஏதோ ஒன்றை வரைந்திருக்கும் ஓவியத்தின் முன் நிற்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். அழகாக இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். அல்லது மான் என்றால் தூய்மை, ஓநாய் என்றால் தனிமை, ஆந்தை என்றால் அறிவு என மனப்பாடமாக வைத்திருக்கும் பட்டியலை எடுத்து ஓவியத்தின் மேல் ஒட்டிவிடுகிறார். இரண்டாவது பழக்கமே கூடுதல் கெடுதலானது என்பேன். முதலாமவர் என்றாவது மீண்டும் வந்து பார்க்கக்கூடும். இரண்டாமவரோ பார்த்து முடித்துவிட்டதாகவே நம்பிவிடுகிறார்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு எண்ணத்தின் மீது நிற்கிறது. மிகுபுனைவுக் காட்டுயிர் ஓவியத்தில், ஓவியர் இயற்கையிலிருந்து விலகும் இடத்தில்தான் பொருள் பிறக்கிறது. விலகலைக் காண வேண்டுமானால் இயல்பை முதலில் அறிந்திருக்க வேண்டும். எனவே இங்கே விலங்கு முதலிலும், ஒளியும் நிறமும் அடுத்தும், குறியீடு கடைசியிலும் வருகின்றன. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

முதல் படி: தலைப்பைப் படிக்கும் முன் பார்த்தல்

ஓவியத்தின் தலைப்பையும் விளக்கக் குறிப்பையும் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணில் படுவதை மட்டும் சில வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள். 'சோகமான ஓநாய்' என்று எழுதாதீர்கள். 'தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறது, வால் பின்னங்கால்களுக்கிடையே இருக்கிறது, நிழல் இடப்பக்கம் விழுகிறது' என்று எழுதுங்கள். உணர்ச்சிச் சொற்களை இந்தக் கட்டத்தில் விலக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு: முதலில் தோன்றிய உணர்ச்சிச் சொல்லை எழுதிவிட்டால், அதன் பிறகு கண் அந்தச் சொல்லுக்குச் சான்று தேடுமே தவிர, அதற்கு எதிரானவற்றைக் காணாது.

இத்துடன் நீங்கள் பார்ப்பது மூல ஓவியமா, அச்சுப் பிரதியா, திரையில் தெரியும் படமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரை நிறத்தையும் மாற்றும், அளவையும் மறைக்கும். சுவரளவுப் பரப்பில் ஆளுயரக் கரடியாக நின்று அச்சுறுத்துவது, கைபேசியில் பொம்மையாகச் சுருங்கிவிடும்.

ஓவியத்தின் உடல்நிலையையும் விசாரிக்க வேண்டும். ஜெர்மானிய ஓவியர் ஃப்ரான்ஸ் மார்க் 1913இல் வரைந்த 'விலங்குகளின் விதி' இன்று பாசல் நகரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாயும் மரங்களும் வெட்டும் ஒளிக்கீற்றுகளும் நடுவில் தலையை உயர்த்தி நிற்கும் நீல மானுமாக இருக்கும் அந்த ஓவியத்தின் வலப்பகுதி மட்டும் மங்கிய பழுப்பாகத் தெரியும். அதை நம்பிக்கை அணைந்துபோவதன் குறியீடு என்று விளக்கிவிடுவது எளிது. உண்மையில் அப்பகுதி 1916இல் கிடங்கில் பற்றிய தீயில் சிதைந்தது. அதே ஆண்டு மார்க் முதல் உலகப்போரின் வெர்டன் போரில் இறந்துவிட்டதால், 1919இல் அவருடைய நண்பர் பால் க்ளே அதைச் சீரமைத்தார். பழுப்புத் தோற்றம் அந்தச் சீரமைப்பினுடையது. அதற்கும் ஓர் உருக்கம் உண்டு, ஆனால் அது மார்க் திட்டமிட்ட உணர்வுநிலை ஆகாது.

இரண்டாம் படி: விலங்கை விலங்காகவே அறிதல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே மிகுதி. ஆனால் மற்ற எல்லாப் படிகளும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஓவியத்தில் இருக்கும் உயிரினம் உண்மையில் எப்படி நிற்கும், எப்படிப் பார்க்கும், அஞ்சும்போது என்ன செய்யும் என்பதை ஓரளவாவது தெரிந்துகொள்ளுங்கள். உயிரியல் பட்டம் தேவையில்லை. சில அடிப்படைச் செய்திகளே நெடுந்தூரம் கொண்டுசெல்லும்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். வேட்டையாடும் பாலூட்டிகளின் கண்கள் பெரும்பாலும் முன்னோக்கி அமைந்திருக்கும். மான், முயல் போன்ற இரைவிலங்குகளின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும். ஆகவே மானின் முகத்தில் இரு கண்களும் நம்மை நேராக நோக்குமாறு வரையப்பட்டிருந்தால், அந்த மானுக்கு மனித முகத்தின் சாயல் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். கண்பாவையின் வடிவமும் பேசும்: வீட்டுப் பூனைக்கும் நரிக்கும் வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும், புலி, சிங்கம், ஓநாய் ஆகியவற்றுக்கு வட்டமாகவே இருக்கும், ஆடுகளுக்குக் கிடைமட்டமாக இருக்கும். சிங்கத்துக்குக் கீற்றுப் பாவை தரப்பட்டிருந்தால், ஓவியர் அதற்குள் பாம்பையோ பூனையையோ நுழைத்திருக்கிறார்.

இருளில் ஒளிரும் கண்கள் இவ்வகை ஓவியங்களில் அளவுக்கு மீறியே வருகின்றன. பூனையினங்கள், மான்கள், ஓநாய்கள் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. நாம் இருக்கும் திசையிலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் அந்தப் பளபளப்பு நமக்குத் தெரியும். ஆகவே இருண்ட காட்டில் ஒளிரும் கண்களைக் கண்டால், விளக்கு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். நம் பக்கமிருந்து வெளிச்சம் வருவதற்கான அறிகுறி இருந்தால், அந்தக் காட்டுக்குள் ஊடுருவியவர் பார்வையாளராகிய நீங்களே. அப்படி எதுவும் இல்லையென்றால் ஒளி விலங்கின் உள்ளிருந்தே வருகிறது; அங்கே இயற்கை முடிந்து புனைவு தொடங்கிவிட்டது.

அடுத்தது உடல்மொழி. யானை காதுகளை விரித்து நிற்பது பெரும்பாலும் எச்சரிக்கை. ஓநாய் காதுகளைப் படியவைத்து வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கினால் அது பணிவோ அச்சமோ ஆகும். சினந்த புலி காதைத் திருப்பும்போது காதின் பின்புறத்திலுள்ள வெள்ளைப் புள்ளி முன்னிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். ஆந்தையால் கண்களைக் குழிக்குள் சுழற்ற முடியாது. அதனால்தான் அது தலையை 270 பாகை வரை திருப்புகிறது. தலை நேராக இருக்கக் கண் மட்டும் ஓரமாகப் பார்க்கும் ஆந்தை, மனிதச் சூழ்ச்சியைச் சுமந்த ஆந்தை.

பருவமும் கவனத்துக்குரியது. மான்களின் கிளைக்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் வளர்வது. மாட்டின் கொம்பு அப்படிப்பட்டதன்று. பனிமானைத் தவிர மற்ற மான்களில் கிளைக்கொம்பு ஆணுக்கே உரியது. கொம்பு மரக்கிளையாகத் தளிர்விடும் மான் இவ்வோவியங்களில் அலுப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்றாலும், உதிர்தலும் துளிர்த்தலும் அந்தக் கொம்பின் இயல்பிலேயே இருப்பதால் அந்தக் கற்பனைக்கு வேர் உண்டு. இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பண்பை நீட்டி வளர்க்கும் விலகலுக்கும், எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒட்டவைத்த அலங்காரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த எடுத்துக்காட்டிலிருந்து பழகிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: விலகல்களைக் கண்டெடுத்தல்

இப்போது முதல் படியில் எழுதிய குறிப்புகளை எடுத்து, எவையெல்லாம் இயற்கையில் நிகழக்கூடியவை, எவை நிகழ முடியாதவை என்று பிரியுங்கள். விலகல் அளவில் இருக்கலாம்: மலையை விடப் பெரிய ஆமை. நிறத்தில் இருக்கலாம்: மார்க் 1911இல் வரைந்த 'பெரிய நீலக் குதிரைகள்'. பருப்பொருளில் இருக்கலாம்: உரோமம் புகையாகவும், செதில் கண்ணாடியாகவும் மாறுவது. இடத்தில் இருக்கலாம்: வானத்தில் திமிங்கிலம். பல உடல்கள் கலப்பதிலும் இருக்கலாம்; அப்படியானால் எந்த உறுப்பு எந்த விலங்கினுடையது, எது தலைமை ஏற்றிருக்கிறது என்று பாருங்கள். கோயில் தூண்களில் நாம் காணும் யாளியில் சிங்க உடலும் யானைத் துதிக்கையும் சேரும்போது, இயற்கையில் எதிரெதிராக நிற்கும் இரு வலிமைகள் ஒரே உடலுக்குள் அடங்கிவிடுகின்றன.

எளிதில் தவறவிடப்படும் விலகல் நடத்தையில் இருப்பது. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி ரூசோ 1897இல் வரைந்த 'உறங்கும் ஜிப்சி' நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலவொளியில் பாலைநிலத்தில் ஒரு பெண் உறங்குகிறாள். அருகில் அவளுடைய இசைக்கருவியும் நீர்க்குடமும். அவளை ஒட்டிக் குனிந்து நிற்கிறது ஒரு சிங்கம். சிங்கத்தின் உடலில் இயற்கைக்கு மாறான உறுப்பு எதுவுமில்லை. அது அவளை மோந்தும் தின்னாமல் இருக்கிறது என்பதே விலகல். ரூசோவும் தன் சொந்த ஊரான லவாலின் மேயருக்கு 1898இல் எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொல்லியிருக்கிறார். நிகழ வேண்டியது நிகழாமல் நிற்கிறது. ஓவியத்தின் உணர்வுநிலை முழுவதும் அந்த இடைநிறுத்தத்திலிருந்தே வருகிறது.

ஆனால் எல்லா விலகலும் குறியீடாகிவிடாது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் மரக்கட்டை அச்சாக வெளியிட்ட புகழ்பெற்ற காண்டாமிருகத்தின் தோளருகே, இயற்கையில் இல்லாத ஒரு சிறு கொம்பு இருக்கிறது. தோலோ தைத்துப் பூட்டிய கவசம் போலிருக்கிறது. அந்த விலங்கை டியூரர் நேரில் கண்டதில்லை. அவ்வாண்டு லிஸ்பனில் வந்திறங்கிய காண்டாமிருகத்தைப் பற்றிய ஓர் எழுத்துக் குறிப்பையும் கோட்டுருவத்தையும் கொண்டே வரைந்தார். அந்தக் கொம்புக்கு ஆழ்பொருள் தேடுவது வீண் உழைப்பு. எனவே ஒவ்வொரு விலகலையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள்: இது அறியாமையால் வந்ததா, அந்தக் காலத்து வரைமுறையால் வந்ததா, தெரிந்தே செய்யப்பட்டதா? உடலின் மற்ற பகுதிகளைத் துல்லியமாக வரைந்த ஒருவர் ஓரிடத்தில் மட்டும் பிறழ்ந்திருந்தால், அந்தப் பிறழ்வு பெரும்பாலும் தெரிந்தே செய்ததுதான்.

நான்காம் படி: உணர்வுநிலையின் மூலங்களைப் பிரித்தறிதல்

ஓவியம் முழுவதும் பரவியிருக்கும் வானிலையையே உணர்வுநிலை என்கிறோம். விலங்கின் முகபாவம் அதில் ஒரு கூறு மட்டுமே. அமைதியான விலங்கை அச்சமூட்டும் சூழலில் வைக்கலாம். அவ்விரண்டும் முரண்படும்போதுதான் ஓவியம் ஆழம் கொள்கிறது.

ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். பின்னாலிருந்து வரும் ஒளி விலங்கின் விளிம்பை மட்டும் காட்டி முகத்தை மறைக்கும்; அதனால் மதிப்பும் விலக்கமும் தோன்றும். கீழிருந்து வரும் ஒளி பழகிய முகத்தையும் அந்நியமாக்கும். அடுத்து உங்கள் கண்மட்டம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விலங்கை அண்ணாந்து பார்க்கிறீர்களா, மேலிருந்து நோக்குகிறீர்களா, புதரின் பின்னால் ஒளிந்து பார்க்கிறீர்களா? விலங்குக்கு உங்கள் இருப்பு தெரியுமா தெரியாதா என்ற கேள்வி மட்டுமே சில ஓவியங்களைத் திறந்துவிடும்.

வெற்றிடத்தையும் அளந்து பாருங்கள். ஒரே நரியைப் பரந்த பனிவெளியின் மூலையில் வைத்தால் தனிமை. அதையே சட்டகத்தின் நான்கு விளிம்புகளையும் தொடுமாறு நிரப்பினால் நெருக்கம் அல்லது அடைபட்ட உணர்வு. கூர்மையான விளிம்புகள் விழிப்பையும், மூடுபனியில் கரையும் விளிம்புகள் நினைவையும் கனவையும் நோக்கி இழுக்கும். தூரிகைத் தடங்கள் பாயும் திசை விலங்கு நோக்கும் திசைக்கு எதிராக இருந்தால், அமைதியான காட்சியிலும் ஓர் இழுபறி இருக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. நீலம் என்றால் துயரம், சிவப்பு என்றால் சினம் என்ற பட்டியலும் விலங்குப் பட்டியலைப் போலவே நம்பத்தகாதது. மார்க் 1910 டிசம்பரில் தன் நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் நீலத்தை ஆண்மையும் ஆன்மிகமும் கொண்ட நிறமாகவும், மஞ்சளை மென்மையும் மகிழ்ச்சியும் கொண்ட பெண்மையின் நிறமாகவும், சிவப்பை முரட்டுக் கனமுள்ள பருப்பொருளின் நிறமாகவும் வகுத்தார். அந்த வகைப்பாட்டை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அவருடைய நீலக் குதிரைகளைத் துயரக் குதிரைகள் என்று வாசிப்பது தவறு என்பதை அது காட்டிவிடுகிறது. குதிரைகளின் கழுத்து வளைவுகளைப் பின்னாலிருக்கும் குன்றுகளின் வளைவுகள் திரும்பச் சொல்வதைக் கவனித்தால், விலங்கும் நிலமும் ஒரே மூச்சில் இணைந்திருக்கும் உணர்வு கடிதத்தின் துணையின்றியே கிடைக்கும்.

உணர்வுநிலைக்குப் பெயர் வைக்கும்போது 'மர்மமான', 'மாயமான' என்ற இரு சொற்களைத் தவிர்க்க முயலுங்கள்; அவை எந்த ஓவியத்துக்கும் பொருந்துவதால் எதையும் சொல்வதில்லை. தொல்காப்பியம் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளான, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை ஆகியவை இங்கே கைகொடுக்கும். இவற்றில் இரண்டைத் தேர்ந்து, எது மேலோங்கியது, எது அடியில் ஓடுகிறது என்று கேளுங்கள். இவ்வகை ஓவியங்களில் மருட்கை ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அதன் அடியில் அச்சம் ஓடுகிறதா உவகை ஓடுகிறதா என்பதே ஓர் ஓவியத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

ஐந்தாம் படி: குறியீட்டுக்கு வருதல்

குறியீட்டைத் தேட மூன்று வட்டங்கள் உள்ளன: ஓவியத்தின் உள்ளே இருப்பவை, ஓவியரின் வாழ்வும் பிற படைப்புகளும், அவர் சார்ந்த மரபு. உள்வட்டத்தில் தொடங்கி வெளியே செல்லுங்கள்.

உள்வட்டத்தின் ஆற்றலுக்கு நல்ல சான்று, வண்ணத்தால் வரையப்படாமல் நூலால் நெய்யப்பட்ட ஒரு படைப்பில் கிடைக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளாய்ஸ்டர்ஸ் கிளையில், 1495 முதல் 1505 வரையிலான காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் திரைச்சீலையில், வட்ட வேலிக்குள் ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று மரத்தோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டு அமர்ந்திருக்கிறது. முதல் பார்வையில் அது சிறைக்காட்சி; உடலிலுள்ள சிவப்புக் கறைகள் குருதி. பொறுமையாகப் பார்த்தால், வேலி தாவிக் கடக்கக்கூடிய அளவுக்குத் தாழ்வானது, சங்கிலியும் இறுக்கமானதன்று, மேலே மரத்தில் மாதுளைகள் வெடித்து நிற்கின்றன; கறைகள் அவற்றின் சாறாக இருக்கலாம். மாதுளை வளத்துக்கும் திருமணத்துக்கும் உரிய பழைய குறியீடு என்ற மரபுச் செய்தி இப்போதுதான் உள்ளே வருகிறது. வந்ததும், விரும்பி ஏற்ற பிணைப்பு என்ற வாசிப்பு நிலைபெறுகிறது. முதலிலேயே மரபுச் செய்தியைக் கொண்டுவந்திருந்தால் வேலியின் உயரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வட்டத்துக்கு மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் 'காயமுற்ற மான்' போதும். 1946இல் வரையப்பட்ட அதில், ஒன்பது அம்புகள் தைத்த மானுடலின் மேல் கிளைக்கொம்புகளோடு காலோவின் சொந்த முகம் இருக்கிறது. அதே ஆண்டு அவருக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது என்ற செய்தி அம்புகளை விளக்க உதவும். ஆனால் வாழ்க்கைச் செய்தியோடு நின்றுவிட்டால், ஓவியம் மருத்துவக் குறிப்பாகிவிடும். அடிபட்ட மான் வீழ்ந்து கிடக்கவில்லை, ஓடும் நிலையில் இருக்கிறது. முகத்தில் வலியின் சுளிப்பு இல்லை. பெண்முகத்தோடு ஆண்மானின் கொம்பு சேர்ந்திருக்கிறது. வாழ்க்கை வரலாறு தராத இவற்றை இரண்டாம், மூன்றாம் படிகள் ஏற்கெனவே தந்திருக்கும்.

மூன்றாம் வட்டத்தில் கவனம் தேவை, ஏனெனில் ஒரே விலங்கு இடத்துக்கு இடம் எதிர்ப்பொருள் கொள்ளும். ஆந்தை கிரேக்க மரபில் அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை. வேறு பல மரபுகளில் சாவின் முன்னறிவிப்பு. வௌவால் சீன ஓவியங்களில் நற்பேற்றின் அடையாளம். ஐரோப்பிய ஓவியங்களிலோ சாத்தானுக்குத் தரப்பட்டவை வௌவாலின் சிறகுகள். ஓவியர் எந்த மரபிலிருந்து எடுக்கிறார் என்பதற்கு ஓவியத்திலேயே துணைச்சான்று இருக்கவேண்டும்.

விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருள்களைக் கொண்டே சொல்லாத பொருளை உணர்த்தும் சங்கப் பாடல்களின் உள்ளுறை மரபில் பழகியவருக்கு இந்த முறை அந்நியமாக இருக்காது. அங்கும் விலங்கு முதலில் விலங்காகவே நடந்துகொள்கிறது; அந்த நடத்தை சரியாகப் பிடிபட்ட பின்னரே தலைவன் தலைவியின் நிலை புலப்படுகிறது.

ஆறாம் படி: எதிர்வாசிப்பால் சோதித்தல்

பயிற்சிக்காக ஓர் ஓவியத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பனிமலை விளிம்பில் ஒரு பனிச்சிறுத்தை படுத்திருக்கிறது, நீண்ட வால் உடலைச் சுற்றி மூக்குவரை வந்திருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன. அதன் விலாவிலுள்ள கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கறுப்புப் பறவைகளாகி வானில் மிதக்கின்றன. புள்ளி நீங்கிய இடம் பனியோடு பனியாக வெளுத்திருக்கிறது. கீழே பள்ளத்தாக்கில் ஓர் ஊரின் விளக்குகள்.

வாலைச் சுற்றிக்கொள்வது இயல்பு. குளிரிலிருந்து காத்துக்கொள்ள அவ்விலங்கு அப்படித்தான் செய்யும். விலகல் ஒன்றே ஒன்று: புள்ளிகள் பறவையாவது. முதல் வாசிப்பு உடனே வரும்: இது அழிவின் ஓவியம், ஊர் வளர விலங்கு மறைகிறது. இப்போது வேண்டுமென்றே எதிர்வாசிப்பை அமையுங்கள்: இது உறக்கத்தின் ஓவியம், பறவைகள் அதன் கனவுகள். எது வலுவானது என்பதை விருப்பத்தால் தீர்மானிக்காமல் சான்றுகளால் தீர்மானிக்க வேண்டும். பறவைகள் ஊரை நோக்கிப் பறக்கின்றனவா, விலகிப் பறக்கின்றனவா? அவை கூட்டமாக ஒழுங்கோடு செல்கின்றனவா, சிதறுகின்றனவா? வெளுத்த பகுதியில் உரோமத்தின் தடம் இன்னும் தெரிகிறதா, வெறும் பனிதான் இருக்கிறதா? உரோமம் தெரிந்தால் உடல் மிஞ்சுகிறது, புள்ளிகள் மீளக்கூடும். வெறும் பனியானால் உடலே போய்க்கொண்டிருக்கிறது. விளக்குகளின் மஞ்சள் வேறெங்காவது, பறவையின் கண்ணிலோ சிறகின் ஓரத்திலோ, திரும்ப வருகிறதா என்பதையும் பாருங்கள். திரும்ப வந்தால் ஊருக்கும் பறவைக்கும் ஓவியரே முடிச்சுப் போட்டிருக்கிறார்.

இரண்டு வாசிப்புகளும் சமமாக நின்றால் அவசரப்பட்டு ஒன்றைத் தள்ளவேண்டாம். இரண்டையும் தாங்குமாறு வரைவது திறமையான ஓவியர் தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்கக்கூடும்.

ஏழாம் படி: வாசிப்பை எழுதுதல்

இப்போது தலைப்பையும் ஓவியரின் விளக்கத்தையும் படியுங்கள். அவை உங்கள் வாசிப்போடு ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கண்கூடான சான்றில் பிரிகிறீர்கள் என்று குறியுங்கள். ஓவியரின் சொல்லுக்கு எடை உண்டு, ஆனால் அது தீர்ப்பு ஆகாது.

எழுதும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் ஓவியத்தில் ஓர் இடத்தைச் சுட்டுங்கள். சுட்ட முடியாத கூற்றை நீக்கிவிடுங்கள். மேலே கண்ட பனிச்சிறுத்தையைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் அது இப்படி அமையலாம்: 'உடலைச் சுற்றிய வாலும் மூடிய கண்களும் விலங்கு பாதுகாப்பாக உணர்வதைக் காட்டுகின்றன, ஆனால் புள்ளி நீங்கிய விலாவில் உரோமத்தின் தடம் இல்லாததால், அந்தப் பாதுகாப்பை ஓவியம் நம்பவில்லை. மருட்கை மேலோங்கித் தெரிய, அடியில் அழுகை ஓடுகிறது. தன்னிடமிருந்து என்ன போய்க்கொண்டிருக்கிறது என்பதை விலங்கு அறியாது, பார்ப்பவர் அறிவார். ஓவியத்தின் துயரம் அந்த இடைவெளியில் இருக்கிறது.' இதில் பனிச்சிறுத்தை எதன் குறியீடு என்று எங்கும் சொல்லப்படவில்லை. அந்த வாக்கியம் தேவைப்பட்டால் இதற்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.